பன்னிரண்டு விநாடிகளுக்கு என் அம்மா

தேனி ஆஸ்பத்திரியில் இடது காலில் எடை கட்டித் தொங்கவிட்ட மூன்றாம் நாள், அம்மா என்னிடம் ஒரே ஒரு காரியம் கேட்டாள்.

"எங் கொரல அந்தப் பாட்டுல இருந்து எடுத்துருத்தா. வேற ஒண்ணும் வேணாம்."

சரி என்றேன். அதற்கென்ன, எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆல்பம் என்னுடையது. ஆறு பாட்டையும் எழுதியவள் நான், பாடியவளும் நான். நாலாவது பாட்டில் பன்னிரண்டு விநாடிகள் அம்மாவின் குரல் வருகிறது. ஏலக்காயில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி எறிகிற மாதிரி அதை எடுத்துப் போட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே போனைப் போட்டேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. குரல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சொல்லத்தான் போகிறேன், என்னையும் சேர்த்து.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எனக்கு வேலை. மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கியதும் காயைத் தட்டில் கொட்டி, நிறமும் பருமனும் பார்த்து, சாம்பிள் பொட்டலம் கட்டி ஏல மையத்துக்கு அனுப்ப வேண்டும். அம்மாவோ அந்தக் காயைப் பறிக்கிறவள். விடியுமுன்னே எங்கள் ஊரான சிலமலையில் வந்து நிற்கும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, அந்தப் பக்கம் கேரளத்துச் சரிவில் இருக்கும் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருவாள். அவள் காலையில் தொட்ட காய் பத்து நாள் கழித்து என் தட்டுக்கு வந்தாலும் வரும். எனக்கு அது தெரியாது, காய்க்கும் தெரியாது.

ராப் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பேட்டிகளில் கேட்பார்கள். வாயிலிருந்து என்பேன். எங்கள் தெருவில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். குழாயடியில் பேசுகிற வேகத்துக்குக் கீழே யாராவது ஒரு தாளத்தைப் போட்டுவிட்டால் அதுதான் ராப், அதற்கு மேல் அதில் ரகசியம் கிடையாது. காலேஜில் படிக்கும்போது ஒரு போட்டியில் பாடினேன். பிறகு கடையில் சாம்பிள் கட்டிக்கொண்டே மனசுக்குள் வரி கோத்தேன். எல்லாம் ஜீப்பும் தோட்டமும்தான். ஒன்பது பேர் ஏறும் ஜீப்பில் இருபது பெண்கள் மடிமேல் மடியாக உட்கார்ந்து வளைவு வளைவாக ஏறுவது. காய் பறித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் மருந்தடிப்பது. அப்படி எழுதியதில் நாலு வரி:

பக்கத்துத் தூருல மருந்தடிக்கிறாக மொதலாளி,
பறிச்ச கையோட சோறு திங்குறோம் மொதலாளி,
ஒன் டீயில மணக்கிறது காயா, எங்க மூச்சா,
ஒருக்கா மோந்து பாத்துச் சொல்லு மொதலாளி.

போனிலேயே பதிவுசெய்து இணையத்தில் போட்டேன். அதைக் கேட்டுத்தான் சென்னையிலிருந்து ஒரு இசையமைப்பாளர் பேசினார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அம்மா கொடுத்த குரல் என்ன குரல் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது எதுவும் விளங்காது.

ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். காய் காய்க்கும் சரமோ தரையோடு தரையாகக் கிடக்கும். ஆகவே பறிப்பவள் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பாள். அடுத்த வரிசையில் பத்தடி தள்ளி நிற்பவளைக்கூடப் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் யானை வரும், காட்டுமாடு வரும், மழையில் சரிவு வழுக்கும். அதனால் பெண்கள் குரல் கொடுத்துக்கொள்வார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். காட்டுக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு ஏதாவது அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டு பிறகு கூப்பிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆகவே ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒரு குரல் உண்டு. அம்மாவுடையது நீளமாக ஒரு 'ஓ', அதன் கடைசியில் சுண்டி இழுத்தது போல் இரண்டு 'ஏ'. ஒரு தரம் கொடுத்தால் 'இருக்கேன்' என்று அர்த்தம். பக்கத்து வரிசைக்காரி தன் குரலில் ஒரு தரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருப்பது மகா தப்பு, சண்டையில் இருப்பவர்கள்கூடக் கொடுப்பார்கள். விடாமல் மூன்று தரம் வந்தால் 'வாங்க' என்று அர்த்தம். கேட்டவர்கள் சாக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட வேண்டும். கங்காணி கத்தினாலும் ஓட வேண்டும்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு ஜீப்பில் போய் அதைப் பதிவுசெய்தேன். பறித்துக்கொண்டிருந்தவள் வழக்கம்போல ஒரு தரம் கொடுத்தாள். நாலு விநாடி. பக்கத்து வரிசை அக்கா உடனே தன் கட்டைக் குரலில் பதில் கொடுத்தாள். இரண்டும் என் போனில் விழுந்தன. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் பதிந்தாயா என்றால், இல்லை. பிறகு சொன்னேன், சிரித்தாள். ஊரான் வீட்டு நெய்யே என்று அள்ளி ஊற்றுவது சுலபம், அதிலும் அது அம்மா வீட்டு நெய்யாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இசையமைப்பாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அமைதியானவர், கெட்ட மனிதர் இல்லை. என்னுடைய ராப்பைப் பெரிய வாத்தியக் குழுவோடு சேர்க்க வேண்டும் என்பது அவர் கனவு. "உன் குரல் மண்ணு, அதுக்கு மேல வானம் வேணும்மா" என்றார். வானத்துக்கு அறுபது பேர் தேவைப்பட்டார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில் அந்த அறுபது பேரும் உட்கார்ந்து வாசிக்க, சென்னையில் ஏசி அறையில் கணினித் திரையில் நாங்கள் அதைப் பார்த்தோம். வயலின்கள் மட்டும் இருபதுக்கு மேல். முதல் பாட்டுக்கு அவர்கள் வில்லைத் தூக்கிய நொடியில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. சிலமலைப் பெண்ணின் வாய்ச்சண்டைக்கு இத்தனை பேர் கோட்டு போட்டுக்கொண்டு வாசிக்கிறார்களே என்று பெருமையில் பூரித்துப்போனேன்.

நாலாவது பாட்டு வந்தது. என் மருந்தடிப்பு வரிகள் முடிந்ததும் எல்லா வாத்தியமும் நிற்க, அம்மாவின் குரல் வந்தது. பிறகு ஓர் அமைதி. மறுபடி அதே குரல், மறுபடி அமைதி. மூன்றாம் முறையும். அதற்குப் பிறகு மொத்த வயலினும் கீழிருந்து எழும்பி வந்தது. நாலு விநாடிக் குரலை மூன்று தரம் ஒட்டியிருந்தார். பக்கத்து வரிசை அக்கா கொடுத்த பதிலை வெட்டிவிட்டிருந்தார்.

"மூணு தரம் வந்தா அர்த்தமே வேறண்ணா," என்றேன். "அதோட பதில் இல்லாம விடக் கூடாது."

"அர்த்தம் யாருக்கும்மா தெரியப்போகுது? கண்ணை மூடிக் கேளு. ஃபீல் வருதா, இல்லையா?"

வந்தது. அதுதான் வினை. கண்ணை மூடிக் கேட்டேன், அழுகை வந்தது, சரி என்று தலையாட்டினேன்.

வாத்தியக் குழுவை நடத்திய வெள்ளைக்காரர் இடையில் நிறுத்தி, இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். திரும்பி வரப்போகாத குழந்தையைத் தாய் கூப்பிடுகிறாள் என்று நம்முடையவர் இங்கிலீஷில் சொன்னார். முன்வரிசையில் வயலின் வைத்திருந்த ஒரு வயதான அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். என் அம்மாவுக்கு நான் ஒருத்திதான் குழந்தை. நான் அங்கே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்து, அப்படி இல்லை ஐயா, அவள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரில் வாயாடி என்று பேர் எடுத்தவள் அங்கே ஊமையாக இருந்தேன். அன்று சாயங்காலம் ஆல்பத்தை வெளியிடும் கம்பெனியிலிருந்து பதினோரு பக்கத்தில் ஒரு ஒப்பந்தக் காகிதம் வந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன், அவசரப்படுத்தினார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆல்பம் வெளியானது. சென்னையில் ஒரு அரங்கத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினார்கள். நாலாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் இருட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. விளக்கு போட்ட பிறகு யார் யாரோ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்றால் அம்மாதான் என்றார்கள். என் வரிகளைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், அங்கேயே உட்கார்ந்திருக்க எனக்குப் பிடித்திருந்தது.

காய் எடுக்கும் நேரம் என்பதால் அம்மா வரவில்லை. ஜீப்பு டிரைவர் அண்ணன்தான் பென்டிரைவில் ஏற்றி, மலையடியில் முந்தலைத் தாண்டும்போது போட்டாராம். நாலாவது பாட்டில் அம்மாவின் குரல் வந்ததும், ஜீப்பில் இருந்த அத்தனை பெண்களும் யோசிக்காமல் பதில் குரல் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது தரத்தில் ஒருத்தி எழுந்திரிக்கப் பார்த்து மேல்கம்பியில் தலையை இடித்துக்கொண்டாள். ஒரே சிரிப்பு. பக்கத்து வரிசை அக்காவுக்கு மட்டும் கோபம்.

"நாங் குடுத்த கொரலு எங்கடி? அறுத்துட்டாகளா?" என்று மறுநாள் கடை வாசலுக்கே வந்து கேட்டாள். "பதில் குடுக்காத பழி எனக்குத்தான வரும்?"

"பாட்டுதானக்கா," என்றேன்.

அம்மா கேட்டது வேறு. "நீ என்னமோ மொதலாளியத் திட்டி எழுதுனேன்னியே. அது எங்கத்தா வருது? பிடிலுச் சத்தந்தான் கேக்குது."

கடையில் பச்சைச் சாயம் போட்ட காய் எப்போதாவது வரும். பார்க்க அம்சமாக இருக்கும், ஏலத்தில் கை தூக்க வைக்கும். கையில் எடுத்து மோந்தால் காயின் மணம் அடியில் எங்கேயோ கிடக்கும். நான் எழுதியதும் அப்படித்தான் ஆகிப்போனது. அம்மா கேட்ட பிறகுதான் நான் பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன். மருந்து, மூச்சு, முதலாளி எல்லாம் வயலினுக்கு அடியில் முணுமுணுப்பாகக் கிடந்தன. மலைக்கு ஆரத்தி எடுக்கிற மாதிரி இருந்தது.

அப்படித்தான் சின்ன முதலாளிக்கும் கேட்டிருக்கிறது. அம்மா வேலை பார்த்த தோட்டத்து முதலாளியின் மகனைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஏலத்துக்கு வந்தவன், நேராக எங்கள் கடைக்கு வந்து எனக்குச் சால்வை போட்டான்.

"நம்ம மலைக்கே பெருமை சேத்துட்டீங்க சிஸ்டர். டெய்லி கேக்குறேன்."

திட்டுவாங்கியவனே சால்வை போர்த்துகிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கையைக் கூப்பினேன்.

குரங்கும் பன்றியும் காயைப் பாழாக்காமல் இருக்க அந்தத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் குழாய் ஒலிபெருக்கி கட்டி ரேடியோ போட்டு வைப்பது உண்டு. அதுவும் மெல்லிசாகத்தான் வைப்பார்கள். சின்ன முதலாளி ரேடியோவை நிறுத்திவிட்டு என் ஆல்பத்தைப் போட்டான். மலையடி வரைக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினான். ஆறு பாட்டும் முடிந்தால் மறுபடி முதல் பாட்டிலிருந்து. தன் தோட்டத்துப் பெண்ணின் குரல் பாட்டாகியிருக்கிறது, அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

முதல் நாள் பெண்களுக்குப் பெருமை. இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாளிலிருந்து குரல் கொடுப்பதை ஒவ்வொருத்தியாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் கொடுத்து என்ன, கொடுக்காமல் என்ன. அம்மாவுக்கு இன்னும் மோசம். அவள் கொடுத்தால் பாட்டு என்று நினைத்தார்கள், பாட்டு வந்தால் அவள் என்று நினைத்தார்கள். வீட்டில் இதை அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் விளையாட்டாகத்தான் கேட்டுக்கொண்டேன். அப்போதே சின்ன முதலாளிக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். சால்வை போட்டவனிடம் போய் நிறுத்து என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

புரட்டாசி மழை. மத்தியானச் சாப்பாடு முடிந்து சரிவில் இறங்கும்போது அம்மா வழுக்கி, தண்ணீர் போகும் பள்ளத்தில் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. நகர முடியவில்லை. அவள் குரல் கொடுத்தாள். மூன்று தரம். நிறுத்தி, மறுபடி மூன்று தரம். ஒருத்தரும் வரவில்லை. சாயங்காலம் ஜீப்பில் ஆள் எண்ணும்போதுதான் ஒரு தலை குறைந்தது. தேடிப்போய்த் தூக்கும்போது காலெல்லாம் அட்டை. எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

"நான் கூப்புட்டேன்த்தா," என்று அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னாள். "கூப்புட்டுட்டுக் காது குடுத்துக் கேட்டேன். மேல இருந்து எங் கொரலே எனக்குப் பதில் குடுத்துச்சு."

அதைச் சொல்லிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு இருந்தாள். வலியில் அழுதவள் இதைச் சொல்லும்போது அழவில்லை.

பக்கத்து வரிசை அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கங்காணிகூட வந்து நின்றார். அந்தப் பக்கத்து ஆள், பாதி மலையாளத்தில், "சேச்சி, ஞான் பாட்டுன்னு நெனச்சுப்போயி," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டே திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்.

"ஒங் கொரலு கேட்டுக்கிட்டேதான இருந்துச்சு! சாயந்தரம் வரைக்கும் கேட்டுக்கிட்டேதான இருந்துச்சு! நல்லாருக்கான்னுல்ல நெனச்சேன்!"

அதற்குப் பிறகுதான் அம்மா, குரலை எடுத்துவிடு என்றாள்.

இசையமைப்பாளர் போனில் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார், "அது இல்லாம அந்தப் பாட்டே இல்லம்மா. ஜனங்க அழுறதே அந்த எடத்துலதான்." தன்னால் முடியாது, கம்பெனியைக் கேட்க வேண்டும் என்றார். கம்பெனியில் ஒரு பெண் பேசினாள், மிக இனிமையாக. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் ஏழாவது பக்கத்தைப் பார்க்கச் சொன்னாள். என் வரிகள், என் குரல், அதற்குப் பிறகு 'பதிவில் உள்ள ஏனைய ஒலிகள்' என்று இருந்தது. என் அம்மா அந்த ஏனைய ஒலிகளுக்குள் இருந்தாள். அம்மா கையெழுத்துப் போடவில்லையே என்றேன். அவருக்கும் சேர்த்து நீங்கள் உறுதி கொடுத்திருக்கிறீர்கள் என்றாள். கொடுத்திருந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான், குடைந்தது அம்மாவை.

எங்கள் கடையை நடத்தும் பாயிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோரு பக்கமும் படித்தார்.

"சாம்பிள் குடுத்தவ நீ. ஏலம் முடிஞ்சு லாட்டு கைமாறிப்போச்சேம்மா. மூட்டைக்குள்ள எங்கம்மா வளையலு கெடந்துச்சுன்னு இப்பப் போயிக் கேட்டா எவன் குடுப்பான்?"

விடாமல் கேட்டேன். நாலு மாதம் கேட்டேன். ஒரு நாள் இசையமைப்பாளரே கூப்பிட்டார், குரலில் ஒரு தயக்கத்தோடு. அம்மா கீழே விழுந்த கதையை ஒரு வீடியோவாக எடுத்தால் என்ன என்றார். ஒலிபெருக்கி, மழை, பதில் வராத குரல். "இதை ஜனங்க தெரிஞ்சுக்கணும்மா. ஆல்பத்துக்கே வேற அர்த்தம் வந்துரும்." அர்த்தம் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்ட அதே மனிதர். நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். தாளம் தப்பாமல் வந்தது. அதை யாரும் பதிவுசெய்யவில்லை.

சின்ன முதலாளி ஒலிபெருக்கியை அவிழ்த்துவிட்டான். பழக்கூடையோடு வீட்டுக்கு வந்து அம்மாவின் காலைத் தொட்டும் போனான். ஆனால் அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குப் பாட்டுப் பிடித்துப்போய் அவனும் ஒலிபெருக்கி கட்டிவிட்டான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் நாலாவது பாட்டு தெளிவாகக் கேட்கிறதாம். ஜீப்புகளில் ஓடுகிறது. போடி பஸ் ஸ்டாண்டில் யாருடைய போனோ அம்மாவின் குரலில் அடித்து, நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது மாதம் கழித்து அம்மா மறுபடி மலைக்குப் போனாள். கால் ஒரு பக்கம் இழுக்கிறது. போக வேண்டாம் என்றேன். "ஒக்காந்து ஒஞ் சோறு திங்கவா?" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. போன முதல் வாரத்திலேயே ஜீப்புப் பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பாட்டை மாற்ற முடியாது, ஆகவே அம்மா குரலை மாற்றிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கொடுத்த குரல். ஐம்பத்திரண்டு வயதில் அதை விட்டுவிட்டாள். பதினோரு பக்கமும் அறுபது வாத்தியமும் இல்லாமல், ஒரு ஜீப்புச் சவாரியில் முடிந்துபோன காரியம்.

"மாத்திட்டேன்," என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாள். நல்லதாகப் போயிற்று என்றேன். எப்படி மாற்றினாய், கொடுத்துக் காட்டு என்று நான் கேட்கவில்லை. கம்பெனியோடு மல்லுக்கட்டுவதிலேயே இருந்தேன். அடுத்த கடிதத்துக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கடைக்கு இரண்டு நாள் லீவு. சரிவு வரிசைகளில் அம்மாவால் இறங்க முடியவில்லை என்று அக்கா சொன்னதால் நானும் ஜீப்பில் ஏறினேன். அம்மாவுக்கு மேட்டு வரிசை, எனக்கு அதற்கு அடுத்த சரிவு வரிசை, எனக்குக் கீழே அக்கா. இன்றைக்கு நான்தான் அம்மாவுக்குப் பக்கத்து வரிசைக்காரி, பதில் கொடுக்க வேண்டியவள். அந்த நினைப்பே எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. குனிந்து சரத்தை விலக்கிக் காயைப் பறித்துக்கொண்டே காதை மட்டும் தீட்டிவைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்குக் குரல் கொடுக்கக்கூடத் தெம்பில்லையோ என்று நினைத்தேன். இடையிடையே ஏதோ ஒன்று 'க்கூ, க்கூ' என்று வறட்டுத்தனமாகக் கத்தியது. பறவை என்று விட்டுவிட்டேன். கீழேயிருந்து அக்கா எதற்கோ குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பறவை மூன்று தரம் விடாமல் கத்தியது. கீழே தொப்பென்று சாக்கு விழும் சத்தம். அக்கா செடியைக் கிழித்துக்கொண்டு என் வரிசைக்குள் ஏறி, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

அம்மா ஒரு செடியின் தூரடியில் உட்கார்ந்திருந்தாள். கால் குழியில் இறங்கி மடங்கிவிட்டது, பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கா அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எத்தன தரம் குடுத்தா! பக்கத்து வரிசையில நீ எதுக்குடி நிக்கிற?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளைத் தட்டினாள்.

"விடுடி. அவளுக்குப் பாட்டுல இருக்குறவளத்தான் தெரியும்."